இலவசத் தண்ணீர் வாங்கிய இன்ஜினீயர்

கே: நிலத்தடி நீர்க் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யார்?

ப: ஆன்ரி டார்சி. பிரான்சில் டிஜோன் நகரத்துக்காரர். 1803-ல் பிறந்து 1858-ல் போனவர். பிழைப்புக்கு அரசாங்க இன்ஜினீயர்.

கே: அப்படி என்ன கண்டுபிடித்துவிட்டார்?

ப: 1855-ல் டிஜோன் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஆளைவிட உயரமான ஒரு குழாயை நிமிர்த்தி நிறுத்தினார். அகலம் 35 சென்டிமீட்டர். உள்ளே மணல். மேலே தண்ணீரை விட்டு, கீழே வடிந்ததை அளந்தார். ஆஸ்பத்திரியில் யாராவது குழாயைத் திறந்து மூடினால் போதும், அழுத்தம் காட்டும் பாதரசம் ஆட ஆரம்பித்துவிடும். அந்தத் தொல்லைக்கு நடுவில் கிடைத்த விடை இது: மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் இரண்டு மடங்கானால் வடிவதும் இரண்டு மடங்கு, மணல் இரண்டு மடங்கு உயரமானால் வடிவது பாதி. மிச்சம் மணலின் குணத்தைப் பொறுத்தது. ஃபில்டரில் காபிப்பொடியை அமுக்கி வைத்துவிட்டு டிகாக்‌ஷன் இறங்கவில்லையே என்று தட்டிப் பார்க்கும் எல்லாருக்கும் இது பாதி தெரியும். மனிதர் அளந்து எழுதிவைத்தார், அதுதான் வித்தியாசம்.

கே: அதை எழுதிய புத்தகத்தில் முதல் அத்தியாயமே இதுதானே?

ப: கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். 1856-ல் வந்த அந்தத் தடிப் புத்தகம் டிஜோனின் பொதுக் குழாய்களைப் பற்றியது. விதி இருப்பது பின்னிணைப்பில், ‘டி’ என்ற குறிப்பில்.

கே: சம்பாதித்தாரா?

ப: 1840-ல் ரோசுவார் ஊற்றிலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல் மூடிய கால்வாய் கட்டி ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். கூலி வேண்டாம் என்றார். ஊர் விடவில்லை. ஒரு தங்கப் பதக்கமும், ஆயுசு முழுக்க இலவசத் தண்ணீரும் கொடுத்தது. அவர் கொண்டுவந்த தண்ணீர்தான்!

கே: பக்கத்து வீட்டு போர் ஆழமானதும் என் கிணறு வற்றிவிட்டது. டார்சி என்ன சொல்வார்?

ப: மட்டம் தாழ்ந்த பக்கம் தண்ணீர் நகரும் என்பார். பட்டா, சிட்டா எல்லாம் அதற்குத் தெரியாது. கிணற்றுக்கான கணக்கை 1863-ல் டூபுயி என்ற இன்னொரு பிரெஞ்சு இன்ஜினீயர் போட்டுவைத்திருக்கிறார். வக்கீலிடம் போகுமுன் அவரைப் பார்க்கலாம்.

கே: டார்சியின் பெயரை இன்று யார் அதிகம் சொல்கிறார்கள்?

ப: எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள். பாறை எவ்வளவு சுலபமாக வழிவிடும் என்பதை அவர்கள் அளக்கும் அலகுக்கே ‘டார்சி’ என்று பெயர். பெரும்பாலான பாறைகள் மில்லிடார்சியில்தான் தேறுகின்றன.