வாய் திறந்த சித்தப்பா

என் சித்தப்பா சார்நிலைக் கருவூலத்தில் 34 வருஷம் கணக்கு பார்த்தவர். அந்த 34 வருஷத்தில் அவர் எதற்கும் ஆச்சரியப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் இப்போது திருச்சி தென்னூரில், தன் வீட்டு மொட்டைமாடியில், உச்சி வெயிலில், ஒரு கத்தரிக்காயைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறார். எதிரே சித்தி போனைப் பிடித்திருக்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் திறங்க. பாம்பைப் பார்த்த மாதிரி."

"கத்தரிக்காயைப் பார்த்து எதுக்கும்மா பாம்பைப் பார்த்த மாதிரி?"

"நீங்கதானே சொன்னீங்க, அப்பதான் தொடுவாங்கன்னு."

தம்ப்நெயில். சித்தப்பா வாயில் அது 'தம்னேல்'. வீடியோவைத் தொடுவதற்கு முன்னால் கண்ணில் படுகிற அட்டைப்படம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கட்டைவிரல் நகம். ஆனால் நகம் வெட்டுவதற்கு மனிதன் மூன்று நாள் எடுத்துக்கொள்ள மாட்டான்.

சித்தப்பா நடத்துவது மாடித்தோட்ட சேனல். நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: விஷயம் தெரிந்தவர். தக்காளியின் அடி கறுத்து அழுகினால் மருந்துக் கடைக்கு ஓடாதே, அது பூச்சி வேலையில்லை, சுண்ணாம்புச் சத்துக் குறைவும் நீ தண்ணீர் ஊற்றுகிற ஒழுங்கீனமும்தான் காரணம் என்பார். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், தெளிப்பது வெயில் தாழ்ந்த பிறகு என்று அவர் சொல்லும்போது அரசாணை வாசிப்பதுபோல் இருக்கும். ஆனால் பிழை இருக்காது. ஒரு வீடியோவை எடுத்து முடிக்க அவருக்கு இருபது நிமிஷம். அட்டைக்குத்தான் அந்த மூன்று நாள்.

இந்த இனத்தாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரசத்துக்குத் தாளிப்பதற்குக் கரண்டியைக் கத்திபோல் ஓங்கிக்கொண்டு நிற்கும் அக்கா. தினம் அரை மணி நேரம் நடங்கள் என்று சொல்வதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டு அலறும் டாக்டர். ஒரே ராசிக்காரர்களை வாராவாரம் பயமுறுத்தும் ஜோசியர். உள்ளே போனால் எல்லோரும் சாதுக்கள். வாசலில் தொங்கும் படத்தில் மட்டும் வீடு தீப்பிடித்ததுபோல் நிற்பார்கள். நாளாக ஆக இந்தப் பார்வை ரத்தத்தில் ஏறிவிடுகிறது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பெண்ணை வழியனுப்புகிறார்கள். பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறது. எல்லோருக்கும் கண் கலங்குகிறது. சித்தப்பா என் காதோரம் சாய்ந்து, "முகம் இடது பக்கம் வந்திருக்கு பாரு. வலது பக்கம் எழுத்துக்குக் கச்சிதமா இடம்" என்றார்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. வீடியோவை ஏற்றினால் யூடியூபே மூன்று காட்சிகளைப் பிடித்து நீட்டும், இதில் ஒன்றை அட்டையாக வைத்துக்கொள் என்று. சித்தப்பாவுக்கு அது நீட்டிய முதல் மூன்றில், ஒன்றில் அவருக்குக் கண் மூடியிருந்தது. இன்னொன்றில் ஒரு கண் மட்டும் மூடியிருந்தது. மூன்றாவதில் சித்தப்பாவே இல்லை. ஒரு பூவாளியும், பின்னால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் லுங்கியும் மட்டும். மூன்றாவதுதான் இருப்பதிலேயே நல்ல படம் என்று நான் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் தெருமுனை ஃபிளெக்ஸ் கடைத் தம்பியிடம் போனார். நல்ல பையன். ஆனால் அவன் கம்ப்யூட்டரில் இருந்தவை இரண்டே பின்னணி: ஒன்று காதணி விழா, இன்னொன்று கண்ணீர் அஞ்சலி. சித்தப்பா "கொஞ்சம் சீரியஸா இருக்கணும் தம்பி" என்று வேறு சொல்லிவிட்டார்.

முதல் படம் 1280-க்கு 720 என்று அளவு பிசகாமல் வந்தது. சித்தப்பாவின் அதிர்ச்சி முகம், சிவப்பு அம்புக்குறி, மஞ்சள் எழுத்தில் 'ஒரே செடியில்' என்று இடது பக்கம். வலது கீழ் மூலையில் '100 காய்!' யூடியூப் வீடியோவின் நேரத்தைக் கறுப்புக் கட்டம் கட்டி ஒட்டுவது அந்த மூலையில்தான் என்பது தம்பிக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. 'ஒரே செடியில் 7:42' என்று படம் உலகத்தின் முன் போய் நின்றது.

அதாவது பரவாயில்லை. இன்ஸ்டாகிராமில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே ரீல்ஸுக்கு அட்டை நெட்டையாக இருக்கும், 1080-க்கு 1920. ஆனால் நம் பக்கத்துக்கு வந்து வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு அது முழுசாகத் தெரியாது. தலையையும் காலையும் வெட்டிவிட்டு நடு உடம்பை மட்டும் கட்டத்துக்குள் காட்டும். முன்பு அந்தக் கட்டம் சதுரமாக இருந்தது. 2025 ஜனவரியில் 3-க்கு 4 ஆக்கினார்கள். சித்தப்பாவின் படத்தில் உச்சியில் 'மாவுப்பூச்சி' என்று இருந்தது. நடுவில் சித்தப்பா, கண்ணீர் அஞ்சலிப் பின்னணியில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு. தாடைக்குக் கீழே 'இனி இல்லை'. அடியில் ஒரு செம்பருத்தி. வெட்டு விழுந்ததும் மாவுப்பூச்சி போய்விட்டது. மிஞ்சியது சித்தப்பாவும் 'இனி இல்லை'யும்தான். செம்பருத்தியின் மேல் இதழ்கள் மட்டும் விளிம்பில் எட்டிப் பார்த்தன, மலர்வளையம் மாதிரி.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மன்னார்குடியிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் சித்தி போனில் கூப்பிட்டார். சித்தி குளித்துக்கொண்டிருந்ததால் சித்தப்பா எடுத்தார். அண்ணனுக்குக் காது மந்தம். பேசுவது சித்தியின் தம்பி என்று நினைத்துக்கொண்டார்.

"எப்பப்பா எடுக்கறீங்க?"

அடுத்த வீடியோவைத்தான் கேட்கிறார் என்று சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி. "வெயில் தாழ்ந்ததும் எடுத்துடலாம்னு இருக்கோம்ணே."

"அதுவரைக்கும் தாங்குமா? ஐஸ் பெட்டி சொல்லிட்டீங்களா?"

"எதுக்குண்ணே? மோர் கரைச்சு வெச்சிருக்கா."

சாயந்தரம் நாலு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள், ரோஜா மாலையோடு. கதவைத் திறந்தது சித்தப்பா. அன்றைக்கு அந்த வாசலில் திறந்த வாய்களில் ஒன்றையாவது படம் எடுத்திருந்தால் ஆயுசுக்கும் அட்டைப்படத்துக்குப் பஞ்சம் வந்திருக்காது. யாருக்கும் தோன்றவில்லை. மாலையை வீணாக்காமல் சித்தப்பா மட்கு உரத் தொட்டியில் போட்டார். அதை ஒரு வீடியோவாகவும் எடுத்தார்; வெயில் தாழ்ந்திருந்தது.

அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1080 அகலத்துக்கு 3-க்கு 4 என்றால் உயரம் 1440. 1920-இல் அது போக 480. மேலே 240, கீழே 240. 'மேற்படி எல்லைக்குள் எழுத்து கூடாது' என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இப்போதும் இருக்கிறது, காலண்டருக்குப் பக்கத்தில். ஏற்றிவிட்ட ரீல்ஸின் அட்டையை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதையும் அன்றிரவுதான் கண்டுபிடித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

கருவூலத்தில் ஒரு முறை மை பட்ட எழுத்தை அடித்துத் திருத்தினால் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும். இங்கே கேள்வி கேட்பார் இல்லை. 34 வருஷம் திருத்தாமல் இருந்த கை துறுதுறுத்தது. காலையில் மஞ்சள் எழுத்து, மத்தியானம் வெள்ளை, ராத்திரி வெள்ளைக்குச் சிவப்புக் கரை. அமெரிக்காவில் மிஸ்டர் பீஸ்ட் என்கிற பெரிய யூடியூபர் 2023-இல் அட்டைப்படங்களில் வாயை மூடிக்கொண்டாராம், பார்க்கிற நேரம் கூடியதாம் என்று பேரன் போனில் சொன்னான். சித்தப்பா விடியற்காலை மூன்று மணிவரை உட்கார்ந்து 61 வீடியோக்களில் தன் வாயை மூடினார். "இதை நான் கல்யாணமான புதுசுலயே சொன்னேன், கேட்டாரா?" என்றாள் சித்தி. இது அநியாயம். கல்யாணமான புதிதில் சித்தப்பா வாயே திறந்ததில்லை.

கண்ணில் பட்ட நூறு பேரில் எத்தனை பேர் தொட்டார்கள் என்று யூடியூப் ஒரு விழுக்காடு சொல்லும். சி.டி.ஆர். என்பார்கள். பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2-லிருந்து 10-க்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்லியிருக்கிறது. சித்தப்பாவுக்கு 3.8. அதை அவர் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்கிறார். "நேத்து 4.1 இருந்துச்சு, இன்னிக்கு 3.8" என்று அவர் போனில் முனகுவதைக் கேட்ட அடுத்த வீட்டம்மா, "வெந்தயம் ஊற வெச்சுக் குடுங்க" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"பொய்தானே சித்தப்பா இது? செடியில இருந்தது பதினோரு காய். நூறுன்னு போட்டிருக்கீங்களே" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"பெட்டிக்கடையில மாலைப் பேப்பர் போஸ்டர் தொங்குமே, படிச்சிருக்கியா? 'பிரபல நடிகர் கைது?' கேள்விக்குறி மட்டும் எறும்பு சைஸ்ல இருக்கும். முப்பது வருஷம் அந்தப் போஸ்டரை மட்டும் படிச்சுட்டு, பேப்பர் வாங்காம பஸ் ஏறினவன்டா நான். ஏமாறாதவனுக்குத்தான் தெரியும், எப்படி ஏமாத்தணும்னு."

எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையில் அட்டையை 'ரேப்பர்' என்போம். வாரத்தில் இரண்டு நாள் உள்ளே என்ன போடுவது என்று பேசுவோம். மீதி நாளெல்லாம் ரேப்பரில் யாரைப் போடுவது என்று அடித்துக்கொள்வோம். உள்ளே அரைப் பக்கப் பேட்டி இருக்கும். வெளியே அந்த நடிகையின் முகம் அட்டை முழுக்க இருக்கும். சித்தப்பாவிடமாவது பதினோரு காய் நிஜமாக இருந்தது.

சித்தப்பா ஆடிப்போனது ஒரே ஒரு தடவை. 2024 டிசம்பரில், தலைப்பிலும் அட்டையிலும் ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே அது இல்லாமல் ஏமாற்றுகிற வீடியோக்களை இந்தியாவில் நீக்கப்போவதாக யூடியூப் அறிவித்தது. முக்கியமாக நடப்புச் செய்திகளில் என்றது. முதலில் வீடியோவை மட்டும்தான் எடுப்போம், தண்டனைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றும் சொன்னது. "அதாவது பில்லைத் திருப்பிடுவான், மெமோ கிடையாது" என்று தன் பாஷையில் புரிந்துகொண்டார். தக்காளி விலை நடப்புச் செய்தியில் சேருமா சேராதா என்று இரண்டு நாள் யோசித்தார். எதற்கு வம்பு என்று பழைய கருவூலக்காரர் விழித்துக்கொண்டார். 'உயிரே போச்சு' என்றிருந்த அட்டை 'செடி இறந்தது, தென்மேற்கு மூலைத் தொட்டி' என்று மாறியது. 'ஒரே செடியில் 100 காய்!' எடுக்கப்பட்டு அங்கே 'காய்கள்: 11 (பதினொன்று மட்டும்)' என்று வந்தது.

சி.டி.ஆர். 1.2-க்கு இறங்கியது. சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்தார்.

அந்தச் சோகத்தில் இருந்தபோதுதான், ஒரே வீடியோவுக்கு மூன்று அட்டை வரை போட்டுப் பார்க்கும் வசதி யூடியூபில் இருப்பதைப் பேரன் சொல்லியிருக்கிறான். அதுவே மூன்றையும் ஆளுக்கொன்றாய்க் காட்டி, எதைத் தொட்டு வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும். இரண்டு வாரம்வரை ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் வாய் செயற்கையா திறக்குதுன்னு பேரன் சொல்றான். உன் வாய்தான் இயல்பா திறக்குது."

கையில் என் படம். அந்தத் தை மாதக் கல்யாணத்தில், நாதஸ்வரக் கச்சேரியின் நடுவே நான் கொட்டாவி விட்டது. அதைக் கத்தரித்து, பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார். சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னார். ஒரு அட்டை, மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்திக் கொம்பு, குளோசப்பில். இரண்டாவது, வாயை மூடிய சித்தப்பா. மூன்றாவது, கொட்டாவி விடும் நான்.

ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு வாரமும் நான் தினமும் சித்தி வீட்டுக்குப் போன் பண்ணினேன். முதலில் சித்தியின் முழங்கால் வலியை விசாரிப்பேன். பிறகு, பேச்சோடு பேச்சாக, "என்னது எப்படிப் போகுதாம்?" என்பேன். புதிதாகச் சட்டை எடுக்கும்போது இது அட்டையில் எடுபடுமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை கொட்டாவி விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பினால் நன்றாக வருகிறது.

பதினைந்தாம் நாள் முடிவு வந்தது. மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லையாம். அப்படி வந்தால் முதலில் ஏற்றிய படமே நிலைக்கும்.

சித்தப்பா முதலில் ஏற்றியிருந்தது மாவுப்பூச்சியை.