திரும்பும் ரயிலில் போட்ட கணக்கு

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்த இடத்திலேயே படிக்கலாமே, மின்னணு, ஒளியியல் சாதன மாநாடுகளுக்கு விஞ்ஞானிகள் ஏன் மெனக்கெட்டுப் போகிறார்கள்?

பதில்: திரும்பி வரும் ரயிலுக்காகத்தான்! 1962 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த திண்மநிலைச் சாதன ஆய்வு மாநாட்டில், காலியம் ஆர்சனைடு டையோடு மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் ஒளியாக்குகிறது என்று எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தினர் அறிவித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் விஞ்ஞானி ராபர்ட் ஹாலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த டையோடையே லேசராக்க முடியுமா என்று ஊர் திரும்பும் ரயிலிலேயே கணக்குப் போட்டார். சின்னஞ்சிறு படிகத்தின் எதிரெதிர் முகங்களைப் பளபளவென மெருகேற்றி, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மின்துடிப்பைச் செலுத்தினார். செப்டம்பரிலேயே குறைக்கடத்தி லேசர் ஒளிர்ந்துவிட்டது! கட்டுரை அச்சாகும்வரை காத்திருந்தால் இந்த வேகம் ஏது? அந்த லேசரின் வாரிசுகள்தான் இன்று கண்ணாடி இழை வழியே நம் இணையத்தைச் சுமக்கின்றன. ஆகவே, மாணவர்களின் மாநாட்டுப் பயணப்படிக் கோப்புகளைக் கல்லூரி நிர்வாகங்கள் கிடப்பில் போடாமல் கையெழுத்திடட்டும்.