வேனில் காலம்

மங்கலம்பேட்டை வாசகர் ஒருவர் பழைய வேன் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாக எழுதினாலும் எழுதினார், அவர் வீட்டிலிருந்து ஒரு கடிதம், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கடிதம் என்று இந்த வாரத் தபாலில் வேன் வாடைதான். மற்ற கேள்விகளை ஓரங்கட்டிவிட்டேன்.

ஸ்கூல் வேனாக ஓடிய டெம்போ ட்ராவலர் ஒன்று மலிவாக வருகிறது. வீட்டு வாசலில் வைத்தே படுத்துத் தூங்கும் வண்டியாக மாற்ற ஆசை. வேலையை எங்கே ஆரம்பிப்பது?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மங்கலம்பேட்டை

தச்சரைக் கூப்பிடுவதில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் கட்டிலுக்கு அளவெடுத்துவிட்டுத்தான் வண்டியைப் பார்க்கிறார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றுங்கள். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணி சுற்றி, சக்கரத்துக்கு மேல் வளைவு, படிக்கட்டின் அடி, கதவின் கீழ் ஓரம் என்று வைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒட்டினால் தகரம். வழுக்கி விழுந்தால் அங்கே தகரம் போய் வெகு காலமாகிவிட்டது, பட்டியும் பெயின்ட்டும்தான் மிச்சம். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். தரை மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

அப்புறம் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டிங்கரிங், பிரேக், டயர், வயரிங் முடிந்து வண்டி ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும். தச்சருக்கு அதன் பிறகு சொல்லி அனுப்பலாம்.

ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
– அவருடைய பக்கத்துத் தெரு நண்பர்

பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனித்தீர்களா? கூரையை அறுத்தது ஒன்று, சீட்டைக் கழற்றியது ஒன்று என்று கணக்கு ஏறும். கேரளத்தில் கண்ணூரில் 2021-ல் யூடியூப் சகோதரர்கள் இருவரின் டெம்போ ட்ராவலர் பறிமுதலானதும், அதைத் தொடர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடந்த களேபரமும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனம் என்று மத்திய அரசின் 2004 பட்டியலிலேயே இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தர விதியும் உண்டு. உங்கள் நண்பர் பார்க்கும் ஸ்கூல் வேன் மஞ்சள் போர்டு வண்டி. 8 வயது தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு எஃப்.சி. சொந்த வண்டியாக வகை மாற்றுவது ஒரு வேலை, சீட் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வேலை. கையில் ஒரு வரைபடத்தோடு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், எதற்கு அனுமதி கிடைக்கும், யாரிடம் பாடி கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். விபத்து நடந்த பிறகு அவர் முதலில் தேடுவது கட்டிலைத்தான்.

ஆம்னி வேன் போதாதா?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

1984-ல் வந்து 2019-ல் விடைபெற்ற வண்டி, 796 சி.சி. இன்ஜின். உதிரி பாகம் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் மொத்த நீளமே 3.37 மீட்டர். முன் சீட் இரண்டும் போக மிச்சத்தில் நீங்கள் காலை நீட்ட வேண்டும். அகலம் 1.41 மீட்டர். குறுக்கே படுத்தால் முழங்காலை மடக்கி, பனிக்காலத்துப் பூனைபோல் சுருள வேண்டியதுதான். தவிர, நம் சினிமா அந்த வண்டிக்குக் கொடுத்த பேர் உங்களுக்கே தெரியும். ராத்திரி ஊர்க்கோடியில் திரை போட்ட ஆம்னியை நிறுத்தினால், யாரைக் கடத்தி வைத்திருக்கிறாய் என்றுதான் முதல் கேள்வி வரும்.

ஓய்வூதியப் பணத்தில் வேன் வாங்குகிறாராம். வேனுக்குள் சமையல் யார்?
– முதல் கேள்வி கேட்டவரின் மனைவி

வேன் யோசனை யாருடையதோ அவர்தான் அம்மா. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அடுப்பு மேடைக்கு மேல் ஒட்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் தகரக் கூட்டுக்குள் எப்படித் தூங்குவது? ஏ.சி. வைக்கலாமா?
– நெய்வேலி வாசகர்

கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட் மணி மின்சாரம் நிற்கும். சின்ன ஏ.சி. ஒன்று 800 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் காலி. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் அதே பேட்டரியில் ஒன்றரை நாள் சுழலும். 100 வாட் சோலார் பலகை நம் வெயிலில் பகலுக்குச் சுமார் 400 வாட் மணி தரும், ஃபேனுக்கு அது தாராளம். குளிர்நாட்டுக்காரர்கள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கப் பஞ்சு அடைக்கிறார்கள். நமக்கு வேண்டியது காற்றோட்டம். கூரைக்கு வெள்ளை பெயின்ட், மேலே சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன், கீழே கொசுவலை போட்ட ஜன்னல்.

பலகையைக் கூரையில் பதிக்காதீர்கள். அதற்கு வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். நீளமான வயர் வைத்துத் தனியாக விரித்தால் சண்டை தீர்ந்தது. நிழல் வேப்பமரத்து நிழலாக இருக்கட்டும். பண்ருட்டிப் பக்கம் பலா மரத்தடியில் நிறுத்திவிட்டு, கூரையில் ஓட்டை என்று எனக்கு எழுதக் கூடாது.

பேட்டரி போதாவிட்டால் ஜெனரேட்டர்? உள்ளேயே கேஸ் அடுப்பு?
– அதே நெய்வேலி வாசகர்

இதில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குபவர் எழுவதில்லை. ஆகவே தூங்கும் வண்டிக்கு ஜெனரேட்டர் வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. 5 கிலோ சிலிண்டர் போதும். பின்கதவைத் தூக்கி, அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள்.

கழிப்பறை?
– பெயர் சொல்ல விரும்பாதவர், விருத்தாசலம்

பெட்ரோல் பங்க்கில் இலவசம். டீசல் போடும்போதே மறக்காமல் போய்வாருங்கள்.

வேனிலேயே குடியிருந்து பெரிய ஆளானவர் யாராவது உண்டா?
– உளுந்தூர்பேட்டை வாசகர்

என்.டி.ராமாராவ். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் தொடங்கினார். பழைய செவர்லே வேன் ஒன்றைச் சீர்செய்து ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். பேச்சு வேனின் கூரையில், தூக்கம் வேனுக்குள், குளியல் சாலையோரம். 1983 ஜனவரியில் முதல்வர். உங்களுக்கும் அப்படி எண்ணம் இருந்தால், கூரை தாங்குமா என்று முன்னாலேயே வெல்டரிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் நேரே கொல்லிமலை போகலாமா?
– மீண்டும் மங்கலம்பேட்டை

70 கொண்டை ஊசி வளைவு ஐயா! 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப்பலகை ஒன்றே 30 கிலோவுக்கு மேல். கட்டில், அலமாரி, தண்ணீர் கேன் இரண்டு, பேட்டரி எல்லாம் சேர்த்து எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. எடை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வளைவில் தெரியும். பழைய வண்டியில் பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும். இறக்கத்தில் சூடேறினால் கொதித்து, பெடல் மெத்தென்று போய்விடும். அதை மாற்றாமல் மலைப் பேச்சே வேண்டாம்.

முதல் பயணம் விருத்தாசலத்துக்குப் போங்கள். ஏதாவது கழன்று விழுந்தால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டாவது பிச்சாவரம். அலமாரிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போதுமா என்று விருத்தாசலம் ரோட்டிலேயே தெரிந்துவிடும், கொசுவலை போதுமா என்பது பிச்சாவரத்தில்.