நெத்திக்குக் கரண்டு

மருமவனே, நெத்தியில ஈரப் பஞ்சு வெச்சுப் பட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, காய்ச்சலோன்னு பயந்துட்டேன். பரீட்சைக்கு ஞாபகசக்தி ஏத்துறியாமே! பட்டையோட பெட்டியைத் தொறந்தா உள்ள 9 வோல்ட் பாட்டரி. அதே பாட்டரி போட்ட ரேடியோவைக் காலமெல்லாம் காதுல வெச்சுக்கிட்டிருந்தவன் நான். உங்க மாமி சொல்லிவிட்ட சாமான் ஒண்ணுகூட நெனப்புல நின்னதில்ல.

கரண்டு பொய்யுன்னு சொல்லல. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மைக்கேல் கஹானா கூட்டத்தார் 2018-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வலிப்பு நோயாளிங்க 25 பேரு. வைத்தியத்துக்காக மண்டைக்குள்ளயே கம்பி எறக்கியிருந்தவங்க. வார்த்தைங்களைப் படிக்கையில மூளை எப்ப அசரப் போவுதுன்னு கம்ப்யூட்டர் மோப்பம் புடிச்சு, சரியா அந்த நேரத்துல இடது காதுக்கு மேல உள்பக்கமாக் கரண்டால தட்டிவிட்டுச்சு. நெனப்புல நின்ன வார்த்தை 15 சதவீதம் கூடுச்சு. சூட்சுமம் அந்த நேரத்துலதான். நல்லா வாங்கிக்கிட்டிருக்கிற மூளையைத் தட்டினா உள்ளதும் கெடுமுன்னு முந்தின வருஷமே கண்டிருந்தாங்க. 2016-ல மூளைக்குள்ள ஞாபகத்தைச் சேத்துவைக்கிற ஹிப்போகாம்பஸ் பக்கம் தட்டினப்ப ஞாபகம் கொறஞ்சே போச்சு. முறைத்தண்ணி ஒழுங்காப் பாயுற வாய்க்கால்ல எவனாச்சும் மம்பட்டியோட எறங்குவானா?

மண்டையைத் தொறக்காமலும் செய்யுறாங்க, இல்லேங்கல. பாஸ்டன்ல ராபர்ட் ரெய்ன்ஹார்ட் கூட்டத்தார் தெனம் 20 நிமிஷம், நாலு நாள் கரண்டு குடுத்ததுல ஒரு மாசம் வரைக்கும் பலன் நின்னுச்சுன்னு 2022-ல சொன்னாங்க. யாருக்கு? 65 தாண்டின என்னைப் போலக் கெழங்களுக்கு! நியாயமா அந்தப் பட்டை என் தலையிலல்ல இருக்கணும்?

ஷாக் அடிச்சா மறந்ததெல்லாம் திரும்ப வருமுங்கறது சினிமாக் கதை. ஆஸ்பத்திரியில குடுக்குற ஷாக் ட்ரீட்மெண்ட், மனநோய் முத்தினவங்களுக்கு நல்ல வைத்தியம்தான். ஆனா அந்தச் சமயத்து ஞாபகத்துல கொஞ்சத்தை வழிச்சுக்கிட்டுப் போயிரும். மயக்க மருந்து இல்லாம குடுக்கவே கூடாதுன்னு நம்ம நாட்டுல 2017 மனநலச் சட்டம் இருக்கு.

கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல ஒரே நேரத்துல நூறு காரியத்தை நெனப்புல வெச்சுச் சதாவதானம் செஞ்சாரே, எந்தப் பிளக்குல வயர் சொருகிக்கிட்டாரு? அதை விடு. குர்ஆன் 114 சூராவையும் மனப்பாடமா ஓதுற ஹாபிழ் பசங்களைப் பாரு. அவனுங்க விடியக்கால சுபுஹுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓதுறானுங்க. நீ மத்தியான லுஹருக்குக் கண்ணைத் தொறந்துட்டு மூளைக்கு வோல்டேஜ் பத்தலங்குறே.

மாட்டணும்னா வீட்டுக்குள்ள மாட்டிக்க. தர்கா அலங்காரவாசல் பக்கம் மட்டும் கட்டிக்கிட்டுப் போயிராத. இறால் வாடா போடுறவன் பார்த்து அவனும் ஒண்ணு வாங்கிட்டான்னா, போன கந்தூரியிலேருந்து நான் வெச்சிருக்கிற பாக்கியெல்லாம் அவனுக்கு நெனப்பு வந்துரும்.