அக்கா வீடு இருக்க அறை எதற்கு?

தமிழ்நாட்டிலிருந்து உறவு வருகிறது என்றால் எதைப் பார்ப்பது என்பதில் சண்டையே வராது. பத்துமலை, கெந்திங், மலாக்கா, ஈப்போ, மின்மினிப் பூச்சி. இந்தப் பட்டியலைத் திருச்சி விமான நிலையத்தில் டிராலி தள்ளுபவரும் ஒப்பிப்பார். சண்டை முழுக்க ஜாகையில்தான். எந்த ஊரில் பெட்டியை இறக்கிவிட்டு, காலையில் கிளம்பி ராத்திரி திரும்புவது?

திருச்சிச் சித்தப்பா ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எக்செல் தாள் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஊர், தூரம், ரயில் நேரம், ஆளுக்கு எத்தனை வெள்ளி, அது எத்தனை ரூபாய். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'கழிப்பறை'. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்ததில் வந்த விடை: பிரிக்பீல்ட்ஸ்.

கணக்கில் குறை சொல்ல முடியாது. ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த பழைய யார்டு நிலத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. விமான நிலைய ரயில் அரைமணிச் சொச்சத்தில் அங்கே இறக்கிவிடும். ஈப்போவுக்கு மின்சார ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். கெந்திங் பஸ்ஸும் அங்கிருந்தே. பத்துமலைக்குக் கொம்யூட்டர் ஏறினால் கோயிலை ஒட்டியே இறங்கலாம். ராத்திரி திரும்பி வந்தால் துன் சம்பந்தன் சாலையில் மல்லிகைப்பூவும் வாழை இலைச் சாப்பாடும். வெளிநாடு வந்திருக்கிறோம் என்று சித்தி நம்பவே மறுத்தார்.

கொம்யூட்டரில் நடுப் பெட்டிகள் பெண்களுக்கு என்பது மட்டும் எக்செல்லில் இல்லை. காலி இருக்கையைக் கண்டதும் சித்தப்பா போய் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த மாக்சிக் ஒருவர் முதலில் அவரைப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலிருந்த இளஞ்சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். சித்தப்பா எழுந்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். சித்திதான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பத்துமலையில் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, 272 சரியாக இருப்பதாக மேலே போய்ச் சான்றளித்தபோதுதான் அவருக்கு முகம் தெளிந்தது.

மலாக்காவில் தாள் கொஞ்சம் சறுக்கியது. அவ்வளவு பழைய துறைமுகத்துக்கு ரயில் இல்லையா என்று சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. இருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையை ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோய்விட்டான். தண்டவாளத்தோடு நம் தோட்டத்துச் சனங்களையும்தான். திரும்பாதவர்கள் பல்லாயிரம் பேர். இதைச் சொன்னதும் சித்தப்பா அந்தக் கட்டத்தை ஒன்றும் பேசாமல் அழித்தார். இப்போது பண்டார் தாசிக் செலாத்தான் போய் பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரம்.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே அத்தை மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவை இத்தாலிக்கு அழைத்துப் போகிறாளாம். ரோமா, பிளாரன்ஸா, எங்கே தங்கிக்கொண்டு மற்ற ஊர்களைப் பார்ப்பது? சித்தப்பா அவளுக்கும் ஒரு தாள் போட்டார். விடை பொலோஞா. பிளாரன்ஸுக்கு வேக ரயிலில் நாற்பது நிமிடம், மிலானுக்கு ஒரு மணிச் சொச்சம், வெனிஸுக்கு ஒன்றரை. ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைக்கூரை. எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டராம், 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தார்கள். மழையில் நனையாமல் ஊர் சுற்றலாம். நம் கடைவீதி அஞ்சடியின் பெரியண்ணன். சாப்பாட்டுக்கும் பெயர்போன ஊர். "அதாவது இத்தாலியோட பிரிக்பீல்ட்ஸ்" என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

அவள் அம்மாவுக்குத்தான் உள்ளூர்ப் பிரிக்பீல்ட்ஸே புரியவில்லை. அத்தை இருப்பது கிள்ளானில். சித்தப்பாவுக்கு அக்கா முறை. "அக்கா வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கு, தம்பி ஓட்டல்ல ரூம் எடுக்குதா? ஊர் என்னலா பேசும்?" அத்துடன் விட்டிருந்தால் பரவாயில்லை. சரித்திரத்தையும் துணைக்கு அழைத்தார். 1880 வரைக்கும் சிலாங்கூரின் தலைநகரே கிள்ளான்தான். கோலாலம்பூர் அப்புறம் முளைத்தது. 1886-இல் கோலாலம்பூர்க்காரர்கள் முதன்முதலாக ரயில் விட்டதும் கிள்ளான் பக்கம் வந்து சேரத்தான். இப்போது 2024-இல் மாநகரமும் ஆகியாயிற்று. இதற்கு மேல் ஓர் ஊருக்கு என்ன தகுதி வேண்டும்?

கிள்ளானிலிருந்து எங்கும் போகலாம். அத்தை வீட்டிலிருந்துதான் கிளம்ப முடியாது. தோசையில் தொடங்கும், சம்பல் தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் சம்பல், சம்பல் மிஞ்சினால் இன்னொரு தோசை. கைகழுவப் போகும் வழியில் ஆவி பறக்க நண்டுப் பிரட்டல் வைத்திருப்பார். மணி பதினொன்று. அதற்குப் பிறகு கெந்திங் மலை ஏறுவதைவிட மாடிப்படி ஏறிப் படுப்பதே புத்திசாலித்தனம் என்று யாருக்கும் தோன்றும்.

கடைசியில் ஓர் உடன்பாடு. ஆட்கள் பிரிக்பீல்ட்ஸில் படுப்பது. பெரிய பெட்டிகள் கிள்ளானில் கிடப்பது. ராஜதந்திரம் என்று நான் நினைத்தேன். அத்தைக்கு அதைவிடப் பெரிய ராஜதந்திரம் தெரியும். மாற்றுச் சேலை, சித்தப்பாவின் பிரஷர் மாத்திரை, ஊர்க்காரருக்குக் கொடுக்கவேண்டிய முறுக்கு எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தன. ஈப்போ போய்விட்டுக் கிள்ளான், மலாக்கா போய்விட்டுக் கிள்ளான். போன இடமெல்லாம் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி அங்கே மறுபடியும் சாப்பாடு.

ஒரு விஷயத்தில் அத்தை கட்சிதான் சரி என்பதையும் சொல்லவேண்டும். கோலசிலாங்கூர் மின்மினியை இருட்டிய பிறகுதான் பார்க்க முடியும். கம்போங் குவாந்தானில் படகை விட்டு இறங்கும்போதே நேரமாகிவிடுகிறது. கிள்ளான் என்றால் திரும்பி வந்து காலை நீட்டிவிடலாம். அன்று ராத்திரி சித்தப்பா எக்செல்லை மூடிவைத்து, அக்கா வீட்டுத் தரையிலேயே பாய் விரித்துக்கொண்டார்.

அப்போதுதான் சித்தி மெல்லக் கேட்டார். "இத்தாலியில மட்டும் நீங்க ஓட்டல்லதானே தங்கப்போறீங்க?"

"அங்கதான் நமக்குச் சொந்தம் யாருமில்லையே," என்றார் அத்தை. "இருந்தா விட்டுடுவாங்களா?"