ராஜகிரியில் ஒரு கேட்வாக்

2025 ஜூனில் மிலான் மேடையில் கோலாப்பூர் செருப்பை நடக்கவிட்ட பிராடா, அதை வெறும் தோல் செருப்பு என்றது. மராட்டியத்தில் கூச்சல் எழுந்த பிறகுதான் ஊர் நினைவுக்கு வந்தது. அடுத்த மாதமே கோலாப்பூர்ப் பக்கத்துப் பன்ஹாலா கோட்டையோடு நம் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அப்படிச் சேர்ந்து ஏறிய 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான்.

ஆகவே அடுத்த ஷோவைச் செஞ்சியின் ராஜகிரி மலையில் வைக்கலாம். சுமார் 800 அடி ஏற்றம். மாடல்களுக்கு அந்தச் சிரிக்காத முகத்தைச் சொல்லித்தரவே வேண்டாம், பாதிப் படியில் தானாக வந்துவிடும். உடையும் தயார்: 2018இல் ஜாரா ஏறக்குறைய 70 பவுண்டுக்கு விற்ற பாவாடையைத்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடிக்கிறார்கள். முன்வரிசை விமர்சகர்கள் குரங்குகள். கைப்பை பிடித்திருந்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள், விலை கேட்கமாட்டார்கள்.