ஏழு தட்டு கொசு ஈரல்

2017-இல் கனடா தன் 150-ஆம் ஆண்டைக் கொண்டாட, தேசியப் பூங்காக்களை வருஷம் முழுக்க இலவசமாகத் திறந்துவிட்டது. டொரொண்டோவில் இருக்கும் மருமகள் அந்தச் சேதியை வாட்சப்பில் தட்டிவிட, மலேசியாவில், மூவாரில் இருக்கும் என் அத்தைக்குத் தூக்கம் போயிற்று. "நம்ம நாட்டுல ஒருநாள் இப்படி விடமாட்டானுங்களாடா?"

எங்கள் தஞ்சோங் எமாஸ் பூங்கா 365 நாளும் இலவசம்தான். ஆற்றங்கரை, நல்ல காற்று. அத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காசு வாங்குகிற இடம் ஒருநாள் வாங்காமல் விடவேண்டும். அவர் கணக்கில் அதுதான் இலவசம்.

தாமான் நெகாரா தேசியப் பூங்காவைச் சொல்லிப் பார்த்தேன். 4,343 சதுர கிலோமீட்டர் காடு. ரொம்பக் காலமாக ஆளுக்கு ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி என்றிருந்தது. "மனுஷனைவிட கேமராவுக்கு மரியாதையா?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

கடைசியில் லேடாங் மலை என்று முடிவாயிற்று. உயரம் 1,276 மீட்டர். இங்கே கட்டணம் கேட்பது இன்று நேற்றுப் பழக்கமில்லை. பெண் கேட்டு ஆளனுப்பிய மலாக்கா சுல்தான் மஹ்மூடிடம் மலை இளவரசி நீட்டிய பட்டியல் கதையில் இருக்கிறது: மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கப் பாலம் ஒன்று, வெள்ளிப் பாலம் ஒன்று, கொசு ஈரல் ஏழு தட்டு, கண்ணீர் ஒரு தாழி, சுல்தான் ரத்தம் ஒரு கிண்ணம், மகன் ரத்தம் ஒரு கிண்ணம். சுல்தான் பின்வாங்கிவிட்டார். மூத்த குடிமக்களுக்குக் கழிவு உண்டா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அத்தை கவுண்டரில் கேட்டார்.

சாகில் அருவிக்குப் போகும் பாதையில் அத்தை திடீரென்று நின்றார். காலுறைக்கு மேலே, கணுக்காலில், கறுப்புத் திராட்சைபோல் குடித்துப் பருத்த அட்டை ஒன்று. மாமா பதறி, மாங்காய்க்குக் கட்டி வந்த உப்பு மிளகாய்த்தூளை அள்ளி அப்பினார். அட்டை விழுந்தது, அத்தை போட்ட சத்தத்தில் முன்னால் போனவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். இளவரசி பாலத்தையும் ஈரலையும் தள்ளுபடி செய்திருக்கலாம். ரத்தத்துக்கு மட்டும் இன்னும் வசூல் ஆள் வைத்திருக்கிறாள். அதில் மூத்த குடிமக்கள் கழிவும் கிடையாது.

திரும்பும் வழியில் தங்காக். ஊரே துணிக்கடை. நுழைவுச் சீட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்த அத்தை, அங்கே விலைகூடக் கேட்காமல் மூன்று சேலைக்குத் துணி எடுத்தார்.

நீங்களும் லேடாங் போவதானால், உச்சிக்கு ஏற வழிகாட்டி வேண்டும், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். உப்பு எடுத்துக்கொள்ளுங்கள், மிளகாய்த்தூள் வேண்டாம். வண்டியில் அத்தை இருந்தால், தங்காக் கடைகள் அடைத்த பிறகே திரும்புங்கள்.